தண்ணீர்த் தட்டில் கரையும் மாத்திரை

"அண்ணா, போன வருஷம் இதே மாத்திரை மூணே நாள்ல கேட்டுச்சு. இந்த வருஷம் பத்து நாள் குடுத்தும் கேக்கலை. மாத்திரை டூப்ளிகேட்டா?"

மாடியில் ஹோமர் புறா வளர்க்கும் தம்பி ஒருவர் டீக்கடை பெஞ்சில் என்னிடம் கேட்டது இது. ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி என்று வடசென்னையில் எந்த மாடிக்குப் போனாலும், பந்தய சீசன் நெருங்கும்போது யாராவது ஒருவர் இதைக் கேட்டுக்கொண்டிருப்பார். போலி மாத்திரையாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. ஆனால் பெரும்பாலும் மாத்திரை மேல் குற்றம் இருப்பதில்லை.

போன வருடம் என்ன செய்தார் என்று விசாரித்தேன். ஒரு சேவல் பச்சையாக எச்சம் போட்டிருக்கிறது. சிலிர்த்துக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்துவிட்டது. மெடிக்கல் ஷாப்பில் சிப்ரோஃப்ளாக்சசின் ஒரு அட்டை வாங்கி, பொடித்து, கூண்டுக்குப் பொதுவான தண்ணீர்த் தட்டில் கரைத்து வைத்தார். நோய் இருந்த புறாவும் குடித்தது, நோயே இல்லாத மற்ற எல்லாப் புறாக்களும் குடித்தன. மூன்றாம் நாள் சேவல் தீனி எடுத்ததும் மருந்தை நிறுத்திவிட்டார். இந்த வருடமும் அதே பச்சை எச்சம், அதே மாத்திரை. ஆனால் குஞ்சுகள் செத்தன. ஒரு ஜோடியின் முட்டைகள் பொரியவில்லை, உடைத்துப் பார்த்தால் உள்ளே கரு செத்துக் கிடந்தது. நல்ல வம்சத்துப் பெட்டை ஒன்றுக்கு இறக்கை மூட்டு வீங்கி, பறக்க முடியாமல் போய்விட்டது.

மருந்து கேட்கவில்லை என்றால் மூன்றில் ஒன்று நடந்திருக்க வேண்டும். வந்த நோய் அந்த மருந்துக்கு உரிய நோயே இல்லாமல் இருக்கலாம். உரிய நோய்தான் என்றாலும், மருந்து கிருமி இருக்கும் இடத்துக்குப் போதிய அளவில் போய்ச் சேராமல் இருக்கலாம். போய்ச் சேர்ந்தும் கிருமி சாகாமல் இருக்கலாம். மூன்றாவதைத்தான் மருந்து எதிர்ப்பு என்கிறோம். முதல் இரண்டு தவறுகளும் சேர்ந்துதான் மூன்றாவதை வளர்க்கின்றன என்பதால், அவற்றைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். கழுத்தைத் திருகிக்கொண்டு, தானியத்தைக் கொத்தப்போய்ப் பக்கத்துத் தரையைக் கொத்தும் புறாவைப் பார்க்காத வளர்ப்பாளர் இருக்க மாட்டார். அதன் எச்சம் நீராகப் போகும், நிறையத் தண்ணீர் குடிக்கும். இது பெரும்பாலும் பாராமிக்சோ என்ற வைரஸ் செய்யும் வேலை. நாட்டுக்கோழியைக் கொத்தாகக் கொண்டுபோகும் வெள்ளைக்கழிச்சல், அதாவது ராணிக்கெட் நோய், இதே வைரஸின் இன்னொரு முகம். புறாக்களுக்கே உரிய வகை 1970-களின் பிற்பாதியில் மத்தியக் கிழக்கில் தலைகாட்டி, 1980-களின் தொடக்கத்தில் ஐரோப்பியப் பந்தயக் கூண்டுகளுக்குள் புகுந்தது. 1984-இல் இங்கிலாந்தில் கோழிப் பண்ணைகளில் நோய் வெடித்தபோது, தடம் லிவர்பூல் துறைமுகக் கிடங்குகளில் போய் நின்றது. அங்கே தங்கியிருந்த புறாக்களின் எச்சம் விழுந்த தீவனம்தான் நோயைப் பண்ணைகளுக்குக் கொண்டுபோயிருந்தது.

வைரஸை ஆன்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாது. பாக்டீரியாவின் செல்சுவரையோ, அது புரதம் தயாரிக்கும் இயந்திரத்தையோ, அதன் மரபிழையைச் சுருட்டிப் பிரிக்கும் நொதியையோ முடக்குவதுதான் அந்த மருந்துகளின் வேலை. வைரஸிடம் இவற்றில் எதுவும் இல்லை. ஆனால் கழுத்து திருகிய புறாவுக்குக் கையால் தீனி கொடுத்துத் தண்ணீர் காட்டிப் பார்த்துக்கொண்டால், பல புறாக்கள் சில வாரங்களில் தாமாகவே தேறிவிடுகின்றன. அந்த வாரங்களில் தட்டில் மாத்திரை கரைந்திருந்தால், நல்ல பெயர் மாத்திரைக்குப் போய்விடுகிறது. "கழுத்து நோய்க்கு இதுதான் மருந்து" என்று அடுத்த மாடிக்கும் செய்தி பரவுகிறது. புறா வளர்ப்பில் நான் பார்த்த தவறான நம்பிக்கைகளில் இதுதான் வேரோடிப்போனது. கண்ணால் பார்த்ததை யாரால் மறுக்க முடியும்? வாய்க்குள் மஞ்சளாகத் தயிர்க்கட்டி போலப் படியும் கேங்கர் நோயும் பாக்டீரியாவால் வருவதில்லை, அது ட்ரைக்கோமோனாஸ் என்ற ஒற்றைசெல் ஒட்டுண்ணி. அதற்கு மருந்தே வேறு.

தம்பியின் கூண்டில் நடந்தது இந்த இரண்டுமாகத் தெரியவில்லை. முட்டைக்குள் செத்த கரு, கூட்டிலேயே சாகும் குஞ்சு, வீங்கிய இறக்கை மூட்டு, பச்சை எச்சம். இவை ஒன்றாக வந்தால் கால்நடை மருத்துவர் முதலில் சந்தேகப்படுவது பாராடைபாய்டு. இதைச் செய்வது சால்மொனெல்லா பாக்டீரியாவின் டைஃபிமூரியம் வகையில் கோபன்ஹேகன் என்ற பெயருள்ள உள்வகை. புறா உடம்புக்கென்றே தன்னைப் பழக்கிக்கொண்ட கிருமி. புறாக்களிடையே எளிதாகப் பரவுவது போல மனிதருக்குள் அது அவ்வளவு எளிதாகப் பரவுவதில்லை.

இந்தக் கிருமியின் வாழ்க்கையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மருந்து தோற்பதற்கான காரணத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது. இது எச்சத்தில் வெளியேறி, காய்ந்த தூசியில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தண்ணீர்த் தட்டு வழியாகப் பரவும். ஜோடி சேரும்போது சேவலும் பெட்டையும் அலகோடு அலகு வைத்து ஊட்டிக்கொள்வதில் பரவும். பிறந்த முதல் நாட்களில் தாயும் தந்தையும் தீனிப்பையில் சுரந்து குஞ்சுக்கு ஊட்டும் புறாப்பால் வழியாகவும், சில சமயம் முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்கும் போகும். உடம்புக்குள் போனபின் குடலோடு நிற்பதில்லை. ரத்தத்தில் ஏறி ஈரல், மூட்டு, முட்டைப்பை, சில சமயம் மூளை வரை போகிறது. கிருமியை விழுங்கிக் கொல்ல வேண்டிய தற்காப்பு செல்களுக்குள்ளேயே குடியிருக்கும் திறமை அதற்கு உண்டு. அதனால் வெளிப்பார்வைக்குப் பூரணமாகத் தேறிய புறாவும் கிருமியைச் சுமந்துகொண்டிருக்கும். அந்தப் புறாவும் தினமும் கிருமியை வெளியேற்றாது. விட்டு விட்டு, பயணக் களைப்போ இறகுதிர் காலமோ குஞ்சு வளர்க்கும் சுமையோ வரும்போது வெளியேற்றும்.

போன வருடம் தேறிய சேவல் தேறியதா, அடங்கியதா என்று இப்போது யோசித்துப் பாருங்கள். மூன்று நாளில் எச்சம் கெட்டியானது உண்மை. ஆனால் மூட்டிலும் ஈரலிலும் ஒளிந்திருந்த கிருமிக்கு மூன்று நாள் மருந்து பற்றாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவ ஆய்வாளர்கள் 1990-களில் புறாக்களில் வேறொரு கிருமியை விரிவாக ஆராய்ந்தார்கள். அதன் இன்றைய பெயர் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கல்லோலைடிகஸ். நல்ல ஆரோக்கியமான புறாவின் குடலிலும் சாதாரணமாக இருப்பது. ஏதோ காரணத்தால் ரத்தத்தில் இறங்கிவிட்டால் திடீர்ச் சாவு, பச்சை எச்சம், இறக்கை மூட்டு வீக்கம், பறக்க முடியாமை எல்லாம் வரும். அச்சாகப் பாராடைபாய்டு மாதிரியே. ஆனால் ஒன்றைக் கொல்லும் மருந்து இன்னொன்றை அதே அளவு கொல்லும் என்று சொல்ல முடியாது. பந்தயக் கூண்டுகளில் இளம் புறாக்களை வாட்டும் நோயிலும் இதே குழப்பம்தான். முதலில் ஒரு வைரஸ் வந்து உடம்பைத் தளர்த்தும், குடலில் இருந்த ஈ.கோலை அந்தச் சமயம் பார்த்துப் பெருகும். வளர்ப்பாளர் கண்ணுக்குத் தெரிவது இரண்டாவதாக வந்ததுதான்.

"எச்சத்தைப் பாத்தே சொல்லிடுவேன்ணா" என்றார் தம்பி. பல மூத்த வளர்ப்பாளர்களும் அப்படிச் சொல்வார்கள். அவர்களுடைய கண்ணை நான் மதிக்கிறேன். எது நோயுற்ற புறா என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார்கள், அதில் தவறுவதே இல்லை. ஆனால் பச்சை நிறம் என்பது பெரும்பாலும் புறா சாப்பிடவில்லை என்பதற்கான அடையாளம். வயிறு காலியாக இருந்தால் பித்தம் அப்படியே இறங்கி எச்சம் பச்சையாகும். எந்த நோயால் சாப்பிடவில்லை என்பதை நிறம் சொல்லாது.

இரண்டாவது தவறு, மருந்து போய்ச் சேராதது. தண்ணீரில் கலந்து கொடுப்பதில் நமக்குச் சிரமம் இல்லை என்பதால் அதையே செய்கிறோம். ஒரு புறா சாதாரண நாளில் சுமார் 30 முதல் 50 மில்லி தண்ணீர் குடிக்கும். சித்திரை வெயிலில் அதிகம் குடிக்கும், குஞ்சு வளர்க்கும் ஜோடி இன்னும் அதிகம் குடிக்கும். மருந்து உண்மையில் தேவைப்படும் நோயாளிப் புறாவோ மூலையில் உட்கார்ந்து தட்டுப் பக்கமே வருவதில்லை. ஆக, தேவையில்லாதவற்றுக்கு நிறையவும் தேவைப்படுவதற்குக் குறைவாகவும் மருந்து போகிறது. சிப்ரோவின் கசப்பு தெரிந்துவிட்டால் மழைநீர் தேங்கிய இடத்தைத் தேடிப் போகும் புறாக்களும் உண்டு.

தண்ணீரின் தன்மையையும் பார்க்க வேண்டும். சென்னையில் பல வீடுகளில் போர் தண்ணீர்தான், பக்கெட்டில் வெள்ளையாகப் படியும் அளவுக்குக் கடினமானது. அதில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் டாக்சிசைக்ளின் போன்ற டெட்ராசைக்ளின் மருந்துகளையும், சிப்ரோ குடும்ப மருந்துகளையும் பிடித்துக் கட்டிக்கொள்ளும். கட்டுண்ட மருந்து குடலிலிருந்து ரத்தத்துக்கு ஏறாது. நாம் முட்டை ஓட்டுக்காகக் கொடுக்கும் கிளிஞ்சல் தூள், கிரிட் எல்லாம் கால்சியம்தான். மருத்துவர் டாக்சிசைக்ளின் எழுதிக் கொடுத்தால் அந்த நாட்களில் கிரிட்டை எடுத்துவிடச் சொல்வது இதனால்தான். டாக்சிசைக்ளின் கலந்த தட்டை வெயிலில் வைத்தால் வெளிச்சத்திலேயே சிதைய ஆரம்பித்துவிடும். மொட்டை மாடியில் நிழல் இல்லாத மூலையில் வைத்த தட்டில் மாலைக்குள் எவ்வளவு மருந்து மிச்சம் இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

இப்போது மூன்றாவதுக்கு வருகிறேன். இங்கேதான் பலரும் ஒன்றைத் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். மருந்து கொடுக்கக் கொடுக்கக் கிருமி அதற்குப் பழகி வலுவாகிறது என்று நினைக்கிறார்கள். எந்தக் கிருமியும் உடற்பயிற்சி செய்து தேறுவதில்லை. 1952-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் எஸ்தர் லெடர்பெர்க், ஜோஷுவா லெடர்பெர்க் தம்பதி செய்த சோதனை இதை அழகாகக் காட்டியது. மருந்தே இல்லாத தட்டில் பாக்டீரியாக்களைப் புள்ளி புள்ளியாக வளர்த்தார்கள். ஒரு வெல்வெட் துணியை அதன்மேல் ஒற்றி எடுத்து, மருந்து கலந்த தட்டுகளில் அதே அமைப்பில் பதித்தார்கள். ஒவ்வொரு மருந்துத் தட்டிலும் அதே இடத்தில்தான் சில புள்ளிகள் பிழைத்து வளர்ந்தன. பிறகு மருந்தைத் தொட்டே பார்க்காத முதல் தட்டுக்குத் திரும்பி, அந்த இடத்திலிருந்த பாக்டீரியாவை எடுத்துச் சோதித்தார்கள். அது ஏற்கெனவே மருந்தைத் தாங்கும் பாக்டீரியாவாக இருந்தது.

ஈ.கோலை போன்ற பாக்டீரியா வசதியான இடத்தில் இருந்தால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். ஒவ்வொரு முறையும் மரபிழையைப் படியெடுக்க வேண்டும். படியெடுப்பில் கோடியில் ஒன்று, நூறு கோடியில் ஒன்று என்று பிழை விழுகிறது. அந்தப் பிழைகளில் ஏதோ ஒன்று தற்செயலாக மருந்து பற்றும் இடத்தைச் சற்று மாற்றிவிடுகிறது. சிப்ரோ பற்றுவது கைரேஸ் என்ற நொதியில். அதன் ஒரு மூலை மாறினால் பிடி தளரும், இன்னொரு மூலையும் மாறினால் பிடியே கிடைக்காது. புறாவின் குடலில் இருக்கும் எண்ணிக்கையில் கோடியில் ஒன்று என்பது அபூர்வமே இல்லை.

கோரை மண்டிய வயலைப் பார்த்தவர்களுக்கு அடுத்தது சட்டெனப் புரியும். மேலோட்டமாகக் களை கொத்தினால் மற்ற களைகள் போய்விடும், மண்ணுக்குள் கிழங்கு வைத்திருக்கும் கோரை மட்டும் நிற்கும். போட்டியே இல்லாத வயலில் அடுத்த மழைக்கு அது மட்டும் தழைக்கும். மூன்று நாள் மாத்திரையும் பாதி அளவு மாத்திரையும் குடலுக்குள் செய்வது இதைத்தான். மருந்துக்குப் பணியும் கிருமிகள் எல்லாம் செத்து, பணியாத ஒன்றிரண்டுக்கு முழு இடமும் கிடைக்கிறது.

"அப்ப நோய் இருந்த புறாவுக்கு மட்டும் குடுத்திருந்தா பிரச்சினை இல்லையா?" என்றார். பிரச்சினை குறைந்திருக்கும். மாடி முழுக்க இருந்த எல்லாக் குடல்களிலும் ஒரே நேரத்தில் களை கொத்தியதுதான் பெரிய இழப்பு. நோய் இல்லாத புறாவின் குடலில் சால்மொனெல்லா இல்லாமல் இருந்திருக்கலாம், ஈ.கோலை கண்டிப்பாக இருந்திருக்கும். மருந்து அதையும் விடுவதில்லை. பிழைத்த ஈ.கோலை நோய் எதையும் செய்யாமல் சாதுவாக அங்கேயே இருக்கும். அதனிடம் இருக்கும் எதிர்ப்பு மட்டும் அங்கேயே நிற்காது.

1950-களின் கடைசியில் ஜப்பானில் சீதபேதி நோயாளிகளிடம் மருத்துவர்கள் விசித்திரமான ஒன்றைக் கண்டார்கள். ஷிகெல்லா என்ற சீதபேதிக் கிருமி ஒரே நேரத்தில் நான்கு மருந்துகளைத் தாங்கியது. நான்கு பிழைகள் ஒரே செல்லில் தற்செயலாகச் சேர்ந்திருக்க முடியாது. அதே நோயாளியின் குடலில் இருந்த ஈ.கோலையும் அதே நான்கையும் தாங்கியது. ஒரு பாக்டீரியா இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டு, பிளாஸ்மிட் எனப்படும் சின்ன வளைய மரபிழையைப் படியெடுத்துக் கொடுத்துவிடுகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஒரே வளையத்தில் பல மருந்துகளுக்கான எதிர்ப்பு மரபணுக்கள் வரிசையாக ஏறியிருக்கும். வேறு இனக் கிருமிக்கும் அது கைமாறும். ஆக, இந்த வருடம் சாதுவான ஈ.கோலையிடம் சேர்ந்த எதிர்ப்பு, அடுத்த வருடம் வெளியூர்ப் புறாவோடு வரும் சால்மொனெல்லாவுக்குப் போய்ச் சேரலாம். அப்போது அந்தக் கிருமி தான் பார்த்தே இராத மருந்துக்கும் தயாராக இருக்கும்.

இது நம்மூர்ப் பழக்கம் மட்டும் என்று எண்ண வேண்டாம். பந்தயப் புறாவின் தாய்வீடு பெல்ஜியம். அங்கே வளர்ந்த நியூ கிம் என்ற பெட்டை 2020 நவம்பரில் ஏலத்தில் 16 லட்சம் யூரோவுக்குப் போனது, நம் பணத்தில் 14 கோடி ரூபாய்க்கு அருகில். அப்படிப்பட்ட பறவைகள் இருக்கும் கூண்டில் சின்னச் சளிக்குக் கூடக் கை மருந்துப் பெட்டியைத் தேடும். சீசனுக்கு முன் ஒரு கோர்ஸ், ஜோடி போடுவதற்கு முன் ஒரு கோர்ஸ் என்று நோயே இல்லாமல் மருந்து கொடுக்கும் வழக்கம் ஐரோப்பாவிலும் நெடுங்காலம் இருந்தது. 2002-இல் கெண்ட் ஆய்வாளர்கள் புறாக்களிடமிருந்து எடுத்த கிருமிகளை வரிசையாக மருந்துகளுக்கு எதிரே சோதித்து வெளியிட்டபோது, ஸ்ட்ரெப்டோகாக்கஸில் டெட்ராசைக்ளின் எதிர்ப்பு பரவலாக இருந்தது. வளர்ப்பாளர்கள் பல காலமாகக் கைவசம் வைத்திருந்த மருந்து அது. அங்கே நல்ல புறா மருத்துவர்கள் இன்று செய்வது எளிமையானது. பறவையைக் கையில் வாங்கியதும் தொண்டையில் ஒரு குச்சியைத் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள், எச்சத்தைப் பார்ப்பார்கள். ஒன்றும் இல்லையென்றால் மருந்து இல்லாமல் திருப்பி அனுப்புவார்கள். அப்படித் திருப்பி அனுப்பும் மருத்துவரைக் கட்டணம் கொடுத்துத் தேடிப் போகும் மனசு நம் வளர்ப்பாளர்களுக்கும் வர வேண்டும் என்பது என் ஆசை.

பந்தயம் இந்த விஷயத்தை இன்னும் சிக்கலாக்குகிறது. பல கூண்டுகளின் புறாக்கள் ஒரே கூடையில் அடைபட்டு, ஒரே குவளையில் தண்ணீர் குடித்து, இரவெல்லாம் லாரியில் போகின்றன. ஒரு மாடியில் வளர்ந்த கிருமி, அவை திரும்பிச் சேரும் ஒவ்வொரு மாடிக்கும் பறந்தே போகிறது. தன் கூண்டில் மருந்தே கொடுக்காதவர் வீட்டிலும் மருந்து கேட்காத நோய் வருவது இப்படித்தான். கோயில் கோபுரத்திலும் ரயில் நிலையத்திலும் வாழும் புறாக்களுக்கு யாரும் மாத்திரை கொடுப்பதில்லை. இருந்தும் பல நாடுகளின் நகரங்களில் தெருப்புறா எச்சத்தைச் சோதித்தவர்கள் எதிர்ப்புள்ள ஈ.கோலையைக் கண்டிருக்கிறார்கள். சாக்கடை நீரிலிருந்தும் நம் குப்பையிலிருந்தும் அவற்றுக்கு அது போய்ச் சேர்கிறது.

வீட்டில் உள்ளவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கால்நடைகளுக்கென்று விற்கும் என்ரோஃப்ளாக்சசின், உடம்புக்குள் போனதும் ஒரு பகுதி சிப்ரோஃப்ளாக்சசினாகவே மாறும். ஒன்றைத் தாங்கும் கிருமி பெரும்பாலும் மற்றதையும் தாங்கும். கோழிகளுக்கு என்ரோஃப்ளாக்சசின் கொடுப்பதை அமெரிக்கா 2005-இல் தடைசெய்ததற்குக் காரணம், மனிதருக்கு வயிற்றுப்போக்கு தரும் கேம்பைலோபாக்டர் கிருமியில் எதிர்ப்பு ஏறியதுதான். மனிதர்களுக்குக் கடைசி மருந்தாக வைத்திருக்கும் கொலிஸ்டினை உணவுக்கான கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் கொடுப்பதை இந்தியா 2019-இல் தடைசெய்தது. நம் நாட்டில் மனிதருக்கு வரும் டைபாய்டுக்கு ஒரு காலத்தில் சிப்ரோதான் முதல் மருந்து. இன்று எதிர்ப்பு பரவிவிட்டதால் மருத்துவர்கள் அதை நம்பித் தொடங்குவதில்லை. புறாவின் குடலுக்கும் நம் குடலுக்கும் நடுவில் இருப்பது ஒரு துடைப்பமும் கழுவாத ஒரு கையும்தான். கூண்டைச் சுத்தம் செய்யும்போது முகத்தில் துணி கட்டுவது, முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது, சின்னக் குழந்தைகளை எச்சத் தூசிக்கு அருகில் விடாமலிருப்பது, இவ்வளவு செய்தாலே பெரும்பகுதி தடுத்துவிடலாம்.

"சரி, இப்ப நான் என்ன செய்யணும்?" தம்பிக்கு இரண்டாவது டீ வந்திருந்தது.

முதலில் மாத்திரையை நிறுத்துங்கள், கொஞ்ச நாள் மருந்து இல்லாமல் இருந்தபின்தான் சோதனைக்கு அர்த்தம் உண்டு என்றேன். எவ்வளவு நாள் என்பதைப் புறாவின் நிலையைப் பார்த்து மருத்துவர் சொல்வார். உயிருக்குப் போராடும் புறாவைக் காத்திருக்கச் சொல்ல மாட்டார். மாதிரியை எடுத்துக்கொண்டு ஒரு மருந்தைத் தொடங்கி, முடிவு வந்ததும் தேவையானால் மாற்றுவார். சால்மொனெல்லா விட்டு விட்டு வெளியேறுவதால் ஒரு நாள் எச்சம் போதாது. சந்தேகப்படும் புறாக்களின் கீழே சுத்தமான காகிதம் விரித்து, நான்கைந்து நாட்கள் புது எச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, மூடிய டப்பாவில் குளிர்ச்சியாக வைக்க வேண்டும். குஞ்சு செத்தால் அன்றே, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோக வேண்டும், ஃப்ரீசரில் உறைய வைக்கக் கூடாது. பொரியாத முட்டையையும் தூக்கிப் போடாதீர்கள், அதற்குள்ளும் விடை இருக்கும். 1903-லிருந்து நடக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. வடசென்னைக்காரருக்கு அது தொலைவே இல்லை.

ஆய்வகத்தில் நடப்பதை ஒருமுறை நேரில் பார்த்தால் யாருக்கும் நம்பிக்கை வந்துவிடும். எச்சத்திலிருந்து கிருமியைப் பிரித்து வளர்த்து, கூழ் ஊற்றி உறைய வைத்த தட்டு முழுக்கப் பரப்புவார்கள். அதன்மேல் சின்னச் சின்னக் காகித வில்லைகளை வைப்பார்கள். ஒவ்வொரு வில்லையிலும் ஒவ்வொரு மருந்து. மறுநாள் பார்த்தால், மருந்துக்குப் பணிந்த இடத்தில் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத தெளிவான வட்டம் இருக்கும். எதிர்ப்பு இருந்தால் வில்லையின் விளிம்பு வரை கிருமி வளர்ந்திருக்கும். வட்டத்தின் விட்டத்தை அளந்து, எது கேட்கும், எது கேட்காது என்று எழுதிக் கொடுப்பார்கள். 1966-இல் அமெரிக்காவில் பாயரும் கிர்பியும் அவர்கள் குழுவினரும் முறைப்படுத்திய வழி இது. இன்றும் உலகம் முழுக்க அதுதான் நடக்கிறது. எல்லாம் சேர்த்துச் சில நாட்கள் ஆகும். இரண்டு சீசன் மாத்திரைச் செலவோடும் செத்த குஞ்சுகளோடும் ஒப்பிட்டால் இது சின்னச் செலவு.

முடிவு வந்தபின் மருத்துவர் சொன்ன மருந்தை, சொன்ன அளவில், சொன்ன நாள் வரை, நோயுள்ள புறாவின் வாயில் நேரடியாகக் கொடுப்பதே நல்லது. கூண்டில் எச்சத்தைக் காய்ந்த நிலையிலேயே சுரண்டி எடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவி ஈரமாக விட்டால் கிருமிக்குத்தான் வசதி. தானியத்தை எலி தொடாத டப்பாவில் வையுங்கள், எலி எச்சத்திலும் சால்மொனெல்லா வரும். தண்ணீர்த் தட்டை எச்சம் விழாத உயரத்தில் வைத்துக் காலையும் மாலையும் மாற்றுங்கள். வெளியிலிருந்து வாங்கிய புறா எவ்வளவு பெரிய வம்சமாக இருந்தாலும் ஒரு மாதம் தனிக் கூண்டில் இருக்கட்டும். கூட்டம் குறைய வேண்டும் என்பதையும் சொன்னேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை. பத்து ஜோடிக்கான இடத்தில் இருபது ஜோடி இருந்தால் எந்த மருந்தாலும் அந்தக் கூண்டைக் காப்பாற்ற முடியாது.

கடைசியாக அந்தப் பெட்டையைப் பற்றிக் கேட்டார். மூட்டு வீக்கம் வற்றினால் வரும் சீசனில் ஜோடி போடலாமா, இல்லை பறக்காத புறாவை நல்ல வம்சம் என்று சொல்லி விற்றுவிடலாமா? இரண்டுமே வேண்டாம் என்றேன். வீக்கம் வற்றியபின்னும் கிருமி உள்ளே இருக்கலாம். தனியாக வைத்து, சில வாரங்கள் இடைவெளி விட்டு மூன்று முறையாவது எச்சத்தைச் சோதித்து, ஒவ்வொரு முறையும் கிருமி இல்லை என்று வந்தால்தான் ஜோடியைப் பற்றி யோசிக்க வேண்டும். ஒருமுறை கிருமி இருப்பதாக வந்துவிட்டாலும் அதன் முட்டையை அடைகாக்க விடக் கூடாது. வாங்க வருகிறவரிடம் இதை மறைத்தால், அடுத்த பந்தயக் கூடையில் அந்தக் கிருமி தம்பியின் மாடிக்கே திரும்பி வந்துவிடும்.